எழுபத்தோரு சதவீதம்

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க தம்பி, எனக்கு வேண்டாம். பையா? மடியிலேயே இருக்கட்டும். மேல வச்சா குலுங்கும். ஒண்ணுமில்ல, கையகலத் தட்டு ஒண்ணு, துண்டு சுத்தி வச்சிருக்கேன். மணி என்கிட்ட கேக்காதீங்க. வாட்ச்சக் கழட்டி உள்ள போட்டுட்டேன். மதுரை போய்ச் சேர்ற வரைக்கும் மணி பாக்கதா இல்ல.

உங்க பையில இருக்கது லேப்டாப்புதானே? நினைச்சேன். கோவிச்சுக்காதீங்க, அந்தச் சாமானப் பாத்தாலே எனக்கு இப்பல்லாம் குமட்டிக்கிட்டு வருது. அது உங்க குத்தமில்ல. மதுரை போகவும் மூணு மணி நேரம் ஆவும், நடந்ததக் கேட்டியன்னா நீங்களே சீன்னு சொல்லிருவிய.

என் பேரு ஆவுடையப்பன். திருநெல்வேலி டவுனு. ஜாதகம் கணிக்கது, பொருத்தம் பாக்கது, முப்பத்தோரு வருசமா இதான் பொழப்பு. நான் பாத்துச் சேத்து வச்ச ஜோடி எண்ணூறு தாண்டும். ஒண்ணு ரெண்டு பிரிஞ்சிருக்கும், இல்லேங்கல. அதெல்லாம் பிறந்த நேரத்தத் தப்பாச் சொன்ன கேஸு. என் கணக்குல பிசகு வந்ததுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல.

முன்ன எல்லாம் கைக்கணக்குத்தான். பதினாறு வருசத்துக்கு முந்தி ஒரு ஜாதக சாஃப்ட்வேர் வாங்கினேன். பச்சைக் கலர்ல சாவி மாதிரி ஒண்ணு கம்ப்யூட்டருக்குப் பின்னால சொருகணும். பேரு, ஊரு, பிறந்த நேரம் அடிச்சா ரெண்டு நிமிசத்துல பன்னெண்டு கட்டமும் வந்து நிக்கும். சுத்தமான வாக்கியக் கணக்கு. வாக்கியம்னா தெரியும்லா? பெரியவங்க பாட்டாவே எழுதி வச்சிட்டுப் போன பழைய கணக்கு. இன்னொண்ணு இருக்கு, திருக்கணிதம்னு. வானத்துல கிரகம் எங்க நிக்குன்னு பாத்துப் பாத்துத் திருத்தினது. ரெண்டுக்கும் நேரம் கொஞ்சம் முன்னப் பின்ன வரும். நம்ம பக்கம் வாக்கியந்தான். எங்க அப்பா வாக்கியம், நான் வாக்கியம்.

அந்த சாஃப்ட்வேர் ஓடின பெரிய கம்ப்யூட்டரு போன ஐப்பசில இடி விழுந்து செத்துப் போச்சு. உள்ள இருந்த ஆயிரத்து நானூத்துப் பன்னெண்டு ஜாதகத்தையும் போட்டோவோட எடுத்து வடிவு அவ லேப்டாப்புல ஏத்தினா. பழசத் தூக்கிப் பழைய இரும்புக்காரன்ட்ட போட்டாச்சு.

வடிவு என் மக. சிதம்பரவடிவுன்னு முழுப் பேரு. ஒரே பிள்ள. அவ அம்மை போயி ஏழு வருசம் ஆச்சு. பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் பாடம் எடுக்கா. இருபத்தொம்பது வயசு. கல்யாணம் ஆகல. ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கான், சொந்த மகள வீட்டுல வச்சிருக்கான்னு முதுகுக்குப் பின்னால பேசுதாவ, எனக்குத் தெரியாதா? நட்சத்திரம் கேட்டை தம்பி. கேட்டையில பிறந்த பொண்ண எடுத்தா மாப்பிள்ளையோட அண்ணனுக்கு ஆகாது. அதனால வீட்டுக்கு மூத்த பையனாத்தான் பாக்கணும். பதினோரு இடம் தேடி வந்துச்சு, பதினொண்ணுலயும் மூத்தவன் ஒருத்தன் கல்லாட்டம் உக்காந்திருந்தான். பாளையங்கோட்டைல ஒரு வாத்தியார். எனக்குப் பிடிச்சுது, வடிவுக்கும் பிடிச்சுது. நாலு தடவ வீட்டுக்கு வந்து போனாரு. ரெண்டாவது பையன். என் மக வாழணும்னு இன்னொருத்தன் பெத்த பிள்ளைய நான் காவு கொடுக்க முடியுமா? நானே என் கையால எழுதி அனுப்பினேன், பொருந்தலன்னு. அந்த வாத்தியாருக்கு இப்ப ரெண்டு பிள்ள. அண்ணன்காரனும் சௌக்கியமாத்தான் இருக்கான், போன வாரம்கூட நெல்லையப்பர் கோயில்ல பாத்தேன்.

அது கிடக்கட்டும். விசயத்துக்கு வருதேன். வடிவோட லேப்டாப்புல என் பழைய சாஃப்ட்வேர் ஏறல. அதுக்குப் பழைய சிஸ்டம் வேணுமாம். புதுசுல எத்தனை தடவ போட்டாலும் திருப்பித் துப்பிருது. வழி இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னு அவளே சொன்னா. உள்ள ஹார்டு டிஸ்க்குன்னு ஒரு தட்டு இருக்கு, அத ரெண்டாப் பிரிக்கணும். ஒரு பாகத்துல அவளோட புது சிஸ்டம், இன்னொரு பாகத்துல என்னோட பழைய சிஸ்டம். ஆன் பண்ணும்போது எது வேணும்னு அதுவே கேக்கும். வயலப் பாகம் பிரிச்சு நடுவுல வரப்பு போடுத மாதிரிதான். பாதிக்குப் பாதி எனக்கு வேணும்னு சொன்னேன். அவ, உங்களுக்குக் கால் பங்கே அதிகம்பாங்கா. பெத்த தகப்பனுக்குக் கால் பங்கு. எனக்கு அப்பவே மனசு விட்டுப் போச்சு. பிடிவாதமா நின்னு பாதி வாங்கினேன்.

ஆனா அவளுக்குப் பிரிக்க இஷ்டமில்ல. ஒரு மாசம் பொறுங்கப்பா, பழைய சாஃப்ட்வேரே தேவைப்படாதுன்னா. அவளே ஒரு ஜாதக சாஃப்ட்வேர் எழுதிக்கிட்டிருந்தா, பத்து மாசமா. புது சிஸ்டத்துல ஓடுமாம், போன்ல ஓடுமாம், பச்சைச் சாவி வேண்டாமாம். கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனிக்காரங்க, நீ எழுதினதக் கொண்டு வந்து காட்டு, பிடிச்சிருந்தா வேலைன்னு சொல்லியிருந்தாங்க. ஒரு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தாங்க.

எனக்கு ஒரு நாள் காட்டவும் செஞ்சா. பள்ளிக்கூடம் விட்டு வந்து, காப்பிகூடக் குடிக்காம, இங்க வாங்கப்பான்னு கூப்பிட்டு உக்கார வச்சா. யாரு நேரத்தப் போட்டுப் பாக்கலாம்னு கேட்டுட்டு, என் பதிலுக்குக்கூட நிக்காம அவ நேரத்தையே அடிச்சா. பங்குனி மாசம், விடியக்காலம் அஞ்சு இருபது, திருநெல்வேலி. கட்டம் விழுந்துச்சு. கேட்டைன்னு இருக்க வேண்டிய இடத்துல அனுஷம்னு இருந்துச்சு.

அப்பா, திருக்கணிதப்படி நான் கேட்டையே இல்ல, அனுஷம். அனுஷம் முடிய இன்னும் அம்பது நிமிசம் பாக்கி இருக்குங்கா. சாதாரணமாத்தான் சொன்னா, கடையில சீனி இல்லன்னு சொல்லுத மாதிரி.

எனக்கு வந்த அருவருப்பு இருக்கே தம்பி. சீன்னு எந்திச்சுட்டேன். பிறந்த நட்சத்திரத்த ஒரு பிள்ள மெஷின வச்சு மாத்திக்கிடலாம்னா அப்புறம் நான் என்னத்துக்கு, எங்க அப்பா என்னத்துக்கு? வாக்கியக் கணக்குல போட்டியான்னு கேட்டேன். அதையும் போடலாம், ரெண்டையும் பாக்கலாம், நீங்களே எது வேணும்னு எடுத்துக்கிடலாம்னா. எடுத்துக்கிடலாமாம். கத்திரிக்காயா அது?

மறுநாள் காலையில தட்டப் பிரிச்சே ஆகணும்னு சொல்லிட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அத முதல்லயே சொல்லிருதேன். மறுநாள்தான் சொன்னேன், உண்மை. ஆனா சம்பந்தமில்ல.

வெள்ளிக்கிழமை முடியட்டும்பா, சனிக்கிழமை பிரிச்சுத் தாரேன்னா. சனி எனக்குச் சந்திராஷ்டமம். ஞாயிறு ரெண்டு பார்ட்டி பொருத்தம் பாக்க வருது. அலசிப் பாத்ததுல புதன்கிழமைதான் பொருந்தி வந்துச்சு. பத்தரைக்கு மேல குளிகை. குளிகையில தொட்ட காரியம் திரும்பத் திரும்ப நடக்கும்பாங்க, அதனால நல்ல காரியத்துக்கு ரொம்ப விசேஷம். பன்னெண்டு மணிக்கு ராகு காலம். இடையில ஒண்ணரை மணி நேரம் முழுசா இருக்கு. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்னு அவளும் சொன்னா. இத நல்லா மனசுல வச்சுக்கிடுங்க. ஒரு மணி நேரம்னு சொன்னது அவ.

புதன்கிழமை லீவு போட்டுட்டு உக்காந்தா. பிரிக்கதுக்கு முந்தி எல்லாத்தையும் வேற இடத்துல எடுத்து வைக்கணுமாம். வீட்டுல ஒரு பென்டிரைவுதான் இருந்துச்சு. முதல்ல என் ஜாதகத்த எடுன்னு சொன்னேன். நியாயந்தானே? ஆயிரத்து நானூறு குடும்பத்தோட விசயம், ஊர்ப் பொதுச் சொத்து மாதிரி. அது போட்டோவும் கீட்டோவுமா ஏறி முடிய மணி பத்து இருபது ஆயிருச்சு. பென்டிரைவும் ரொம்பிப் போச்சு. நீங்க கேக்க வாரது புரியுது, நெட்டுல வைக்கலியான்னு. எல்லா மெக்கானிக்கும் இதத்தான் கேக்கான். நான்தான் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். அவ சோதிச்சுப் பாக்கதுக்கு எங்கிட்ட இருக்க ஜாதகத்தத்தான் உள்ள போட்டிருந்தா. ஊரான் வீட்டுப் பொண்ணு ஜாதகத்த நெட்டுல ஏத்தினா நாளைக்கு எவன் எவன் பாப்பான்? இந்த வீட்டுல இருந்து ஒரு கட்டம் வெளிய போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். பாவம், அதை மட்டும் அவ மீறல.

ஸ்கிரீன்ல எனக்குக் காட்டினா. நீளமா ஒரு பட்டை, நடுவுல கோடு. இந்தக் கோடு வரை உங்களுக்கு, அந்தப் பக்கம் எனக்கு, சரியான்னா. சரின்னேன். கீழ ஒரு பொத்தானக் காட்டி, கடைசியில இத அழுத்தணும், இப்ப தொடாதீங்க, ஜெசிந்தா அக்கா கம்ப்யூட்டர் கடையில இன்னொரு பென்டிரைவு வாங்கிட்டு வந்து என்னோடதையும் எடுத்து வச்சுட்டு அழுத்துதேன், பத்து நிமிசம்னு சொல்லிட்டுப் போனா.

பத்து நிமிசம்னு போனவ வரல. பத்தரை ஆச்சு, பத்து முப்பத்தஞ்சு ஆச்சு. நான் பாத்துக் கொடுத்த நேரம், கண்ணு முன்னால வீணாப் போகுது. லேப்டாப்புக்குச் சந்தனம் தொட்டு வச்சு, குங்குமம் வச்சு, பிள்ளையார நினைச்சுக்கிட்டு நானே பொத்தான அழுத்திட்டேன். தகப்பன் கையால ஆரம்பிச்சு வைக்கது நல்லதுதானே. எத்தனை பேரு பூமி பூஜைக்கு என்னைக் கூப்பிட்டு முதல் செங்கல்லு எடுத்து வைக்கச் சொல்லுதாவ.

வந்தா, பாத்தா. கையில புதுப் பென்டிரைவு, கவர்கூடப் பிரிக்கல. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. ஸ்கிரீன்ல பன்னெண்டு சதவீதம்னு ஓடிக்கிட்டிருந்துச்சு.

"ஆரம்பிச்சாச்சு. இனிமே முடியிற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுப்பா. வீடே இடிஞ்சாலும் தொடக் கூடாது. உள்ள இருக்கத ஒவ்வொண்ணா இடம் மாத்தி வச்சுக்கிட்டிருக்கு. பாதியில நின்னா எதுவும் அங்கயும் இருக்காது, இங்கயும் இருக்காது."

சரின்னு சொன்னேன். நான் சொல்லலன்னு எப்பவாவது சொன்னேனா?

ஆனா அந்தச் சனியன் நகந்தாத்தானே. இருபது, இருபத்திரெண்டு, முப்பது. நத்தைகூட ஒரு வீச்சுல போயிரும். பதினொண்ணு ஆச்சு, பதினொண்ணரை ஆச்சு, அறுபதுகூடத் தாண்டல. ஒரு மணி நேரம்னு சொன்னியேன்னு கேட்டா, பாதிக்குப் பாதி கேட்டியள்லா, நிறைய நகத்த வேண்டியிருக்குங்கா. அதுக்கும் நான்தான் காரணம். பன்னெண்டுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது அவ போன் அடிச்சுது. கோயம்புத்தூர்க் கம்பெனி. எங்க வீட்டுக்குள்ள டவர் கிடைக்காது, மொட்டை மாடிக்குத்தான் போகணும். தொடாதீங்கப்பான்னு இன்னொரு தடவ சொல்லிட்டு மாடி ஏறினா.

எழுபத்தோரு சதவீதம். நான் ஒத்தையில உக்காந்திருக்கேன். ஒரு பக்கம் கடிகாரம், ஒரு பக்கம் இது. நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், ராகு காலத்துல ஆரம்பிக்கத்தான் கூடாது, ஓடிக்கிட்டிருக்கதுக்குத் தோஷமில்லன்னு. அது தெரியாமச் செய்யல. என் கணக்கு வேற. இந்த வேகத்துல போனா பன்னெண்டரைக்குப் பிரிச்சு முடிக்கும். முடிச்ச கையோட என் பழைய சிஸ்டத்த ஏத்த ஆரம்பிப்பா. அப்ப என்னோட பாகம் ஆரம்பிக்கது பச்சை ராகு காலத்துல. அதுக்குள்ள ஆயிரத்து நானூறு ஜாதகம் குடியேறணும். எத்தனை வீட்டுக் கல்யாணம் அது. இப்ப நிறுத்தி வச்சா ஒண்ணரைக்கு மேல திரும்பத் தொடரலாம். கிரைண்டர நிறுத்திட்டு மறுபடி போட்டா மாவு கெட்டா போகுது?

பவர் பொத்தான அமுக்கிப் பிடிச்சேன். கொஞ்ச நேரம் அடம் பிடிச்சுது, அப்புறம் அடங்கிருச்சு. மணி பதினொண்ணு அம்பத்தாறு. மூடி வச்சு, மேல ஒரு துண்டப் போட்டு வச்சேன்.

கீழ இறங்கி வந்தா. முகத்துல ஒரு சந்தோசம், வெள்ளிக்கிழமை பத்து மணிக்குன்னு உறுதி ஆயிருச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்தா. துண்டப் பாத்தா.

"அப்பா, அணைச்சியளா?"

"அணைக்கல. நிறுத்தி வச்சிருக்கேன்."

துண்ட எடுத்துட்டு ஆன் பண்ணினா. கறுப்பா ஒரு ஸ்கிரீன், மேல வெள்ளையா ஒத்தை வரி இங்கிலீஷு. என்னென்னமோ பண்ணிப் பாத்தா. ஒண்ணரைக்கும் வரல, ரெண்டரைக்கும் வரல. அப்புறம் கையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. அழல தம்பி. அழுதிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். துப்பட்டா நுனியால லேப்டாப்புல இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் மெதுவாத் துடைச்சா. பென்டிரைவ எடுத்து என் கையில வச்சா. உங்களோடது எல்லாம் இதுல இருக்குப்பான்னா. அதோட சரி. ஒரு மாசம் ஆச்சு. சாப்பாடு இருக்கு, மாத்திரை போட்டாச்சா, கேஸ் சிலிண்டர் வந்துச்சு. இத்தனைதான் பேச்சு. பெத்து வளத்த தகப்பன்ட்ட ஒரு பிள்ள நடந்துக்கிடுத முறையா இது?

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூருக்கு வெறுங்கையோடதான் போனா. வாயால சொல்லியிருக்கா. அவங்க நல்லவங்க போல, ஒரு மாசம் தாரோம், திரும்ப எழுதிக் கொண்டு வான்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. வார திங்கட்கிழமையோட அந்த ஒரு மாசம் முடியுது. ஜெசிந்தா கடையில லேப்டாப்புக்கு வேற தட்டு மாட்டி, முதல்ல இருந்து எழுதிக்கிட்டிருக்கா. புதுத் தட்டுல கோடு கீடு ஒண்ணும் கிடையாது. முழுசும் அவளுக்குத்தான். குளிகையில தொட்டது திரும்ப நடக்கும்னு சொன்னேன்லா, இப்படி நடந்துச்சு.

செத்த தட்டத் தூக்கிச் சமையல்கட்டு அலமாரில, மிளகாப் பொடி டப்பாவுக்குப் பின்னால போட்டிருந்தா. நான் எடுத்துக்கிட்டேன். கேக்கல. முதல்ல ஜெசிந்தாட்டயே கொண்டு போனேன். அந்தப் பொம்பள கடையப் பாத்தியன்னா சோறு இறங்காது. ஒரு கையில வடை, ஒரு கையில ஸ்குரூ டிரைவரு, கீபோர்டு பூரா எண்ணெய். வடையத் தின்னுக்கிட்டே கேக்கா, இத ஓடும்போது நிறுத்தினது நீங்கதானே அண்ணாச்சி, எதுக்கு நிறுத்தினியன்னு. அவளுக்கு ராகு காலத்தப் பத்தி என்ன தெரியும்? விறுவிறுன்னு இறங்கி வந்துட்டேன்.

ரெண்டாவது பாளையங்கோட்டைல ஒருத்தன். ஏசி கடை. செருப்ப வெளிய கழட்டணுமாம், கோயிலா அது? நான் ஒண்ணுமே சொல்லல. தட்ட மாட்டி அரை மணி நேரம் பாத்துட்டு, எழுபது எழுபத்தோரு சதவீதத்துல யாரோ ஆஃப் பண்ணியிருக்காங்க சார்ங்கான். ஜாதகம் பாக்க மாதிரிச் சொல்லுதான். கொஞ்சம் துண்டு துக்காணியா எடுத்தும் காட்டினான். ராசிக் கட்டத்தோட மேல் பாதி. அப்புறம் பூரா கோணல் மாணலா எழுத்து. நடுவுல ஒரு இடத்துல அனுஷம்னு மட்டும் தெளிவா இருந்துச்சு.

அவன்ட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். லெட்டர் பேடுல ரெண்டு வரி எழுதி சீல் வச்சுக் கொடு. தட்டு முன்னமே பழுது, நிறுத்தினதால கெட்டுப் போகல. அவ்வளவுதான். வடிவுட்டக் காட்டணும். மாட்டேன்னுட்டான். பொய் எழுத மாட்டானாம். நான் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன் தெரியுமா? செவ்வா தோஷம் இருக்கும், லேசாத்தான் இருக்கும், பிள்ளைக்குக் கல்யாணம் நாளு கடந்து போயிருக்கும், அப்பனும் அம்மையும் கண்ணீரும் கம்பலையுமா நிப்பாவ. குடும்பம் தழைக்கட்டும்னு, நேரத்த நாலு நிமிசம் முன்ன வச்சு, தோஷமில்லன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். ஒண்ணு ரெண்டு இல்ல. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. ஒரு மனுசனுக்காக ரெண்டு வரி எழுத மனசில்லாத உலகம் தம்பி இது. வெறுத்துப் போச்சு.

என்ன பாக்கிய? கேக்கணும்னு தோணுததக் கேட்டுருங்க.

ம். வடிவுக்கா? வடிவுக்கு எப்படி மாத்துவேன்? அது என் மக. மத்தவங்களுக்குன்னா கூசாம நாலு நிமிசம் நகத்தலாம். சொந்த மகளுக்கு நகத்தினா சுயநலம்னு ஆயிராதா? ஊருக்கு இளகிக் கொடுத்தாலும் நம்ம வீட்டுல நறுக்குன்னு இருக்கணும்னு எங்க அப்பா சொல்லுவாரு.

கயத்தாறு தாண்டிட்டோமா? காத்துல கண்ணு எரியுது. அந்தக் கண்ணாடிய இழுத்து விடுங்க.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன். நீங்க யாரோ, நான் யாரோ. மதுரையில இறங்கினா உங்க வழி உங்களுக்கு. போன செவ்வாக்கிழமை மேலப்பாளையம் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுக்குப் போனேன். அவரு திருக்கணிதக்காரர். முப்பது வருசமா அவர் வீட்டு வாசப்படி மிதிச்சதில்ல, ஒரு கல்யாணத்துல சண்டை. பழைய பஞ்சாங்கம் எல்லாம் வருச வாரியா அடுக்கி வச்சிருப்பாரு. வேற ஒரு பார்ட்டிக்கு வேணும்னு பொய் சொல்லி, இருபத்தொம்பது வருசத்துக்கு முந்தின பஞ்சாங்கத்த வாங்கிப் பாத்தேன். வாக்கியத்துல அன்னைக்கு அனுஷம் நாலு அம்பதுக்கே முடிஞ்சிருக்கும். இதுல ஆறு மணி பத்து நிமிசம் வரைக்கும் இருந்துச்சு. அவ பிறந்தது அஞ்சு இருபது. ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு கடிகாரத்தப் பாத்து நானே குறிச்ச நேரம்.

அவ சொன்ன அதே அம்பது நிமிசம். ஒரு நிமிசம் பிசகல.

இன்னமும் நான் வாக்கியந்தான் தம்பி. வாக்கியப்படி அவ கேட்டைதான். ஆனா அந்தப் பஞ்சாங்கத்த மூடி வச்சதுல இருந்து அந்தப் பாளையங்கோட்டை வாத்தியார் முகந்தான் கண்ணு முன்னால நிக்கு. நாலாவது தடவ வந்தப்போ வடிவு அவருக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தா. பொருந்தலன்னு அனுப்பின அந்தப் பதினோரு கடுதாசியும் என் கையெழுத்து. எனக்கு என் கையப் பாத்தாலே ஒரு மாதிரி அருவருப்பா வருது. சோத்தப் பிசைய முடியல. கரண்டில அள்ளித் திங்கேன்.

இத அவகிட்டச் சொல்லல. எப்படிச் சொல்ல?

மதுரையில டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒருத்தன் இருக்கானாம். எந்தச் செத்த தட்டா இருந்தாலும் பிரிச்சு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு ஒவ்வொரு பொடியா எடுத்துருவானாம். அவனுக்கு இன்னைக்கு விட்டா அடுத்த வாரந்தான் நேரம். மூணு மணிக்குள்ள தட்டு அவன் கையில இருக்கணும்னுட்டான். எடுத்தா ஞாயித்துக்கிழமை தருவானாம், வடிவு திங்கட்கிழமை காலை வண்டிக்குக் கொண்டு போயிரலாம். லெட்டர் பேடு கேக்கணும்னுதான் வீட்டுல கிளம்பும்போது நினைச்சேன். இப்ப அது வேண்டாம்னு தோணுது. யாரு நிறுத்தினான்னு கேட்டான்னா, நான்தான்னு சொல்லிருதேன். அவ எழுதினது வந்தாப் போதும். அனுஷத்தோட வரட்டும்.

இப்ப சொல்லுங்க, மணி என்ன?

பதினொண்ணு நாப்பதா. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ராகு காலம் பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும். நான் வீட்டுப் படி இறங்கினது பத்து நாப்பதுக்கு. காலையில பத்தரைக்கு முன்னாலயே கிளம்பலாம்னுதான் பாத்தேன். அவ பள்ளிக்கூடம் போற வரைக்கும் இந்தத் தட்ட வெளிய எடுக்க முடியல, அவ இன்னைக்குப் பாத்துத் தாமதமாத்தான் போனா. பன்னெண்டு வரை பொறுத்தா மூணு மணிக்கு மதுரை எட்டாது. வாசல்ல நின்னு யோசிச்சேன். அப்புறம் இறங்கிட்டேன். காணாமப் போனதத் தேடிப் போறதுக்கு ராகு காலம் தோஷமில்லன்னு ஒரு விதி இருக்குன்னு நடந்துக்கிட்டே எனக்கு நானே சொல்லிக்கிட்டு வந்தேன்.

அப்படி ஒரு விதி எந்தப் பஞ்சாங்கத்துலயும் கிடையாது தம்பி. நானா உண்டாக்கினது.

டிரைவரு என்ன இந்த ஓட்டு ஓட்டுதான். குலுங்கக் கூடாதுன்னு அந்த ஏசி கடைக்காரன் சொன்னான், குலுங்கினா மிச்சம் இருக்கதும் போயிருமாம். அந்தப் பக்கம் உங்க கைய ஒண்ணு கொடுங்க. இந்தப் பைய ஆளுக்கு ஒரு பக்கமா கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிடுவோம்.